சலோமி டீச்சர் சொன்ன மறுபாதி

என் பெரிய பேரன் ஆறுமுகம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் நிரந்தரமாகிவிட்டான். அடுத்தவன் தணிகாசலம் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை கற்கிறான். மேஸ்திரியே அவன் கடைந்த திருகைக் கையில் எடுத்துப் பார்த்துத் தலையாட்டினாராம். சின்னப் பேத்தி சரோஜா தையல் பரீட்சையில் முதல் வகுப்பு. கடைக்குட்டி பார்த்தசாரதி சடுகுடுவில் கோப்பை வாங்கி வந்தான். அதில் நான் கடுகு போட்டு வைத்ததற்கு இன்றுவரை என்னோடு சண்டை. எல்லோருக்கும் மூத்தவள் கஸ்தூரி. டெலிபோன் ஆபீஸில் வேலை. எங்கள் கல்மண்டபத் தெருவில் காதில் குழாய் மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைச் சாதித்ததும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் போட்டோ எடுத்து, கூடத்துச் சுவரில் மாட்டுவது என் பழக்கம்.

அன்றைக்கும் மாவு வாங்க வந்த பவுனுவை நிறுத்தி வைத்து, சுவரைக் காட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி படத்துக்கு வந்தபோது, எதிர்வீட்டு மாடியில் சமைக்கிற லில்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆயா, டீச்சரம்மா பூட்டாங்க ஆயா. காப்பி ஆத்திக்கினு இருந்தேன். 'நெஞ்சு ஒரு மாரி கீது லில்லி'ன்னாங்க. திரும்பிப் பாத்தா சாஞ்சிட்டாங்க."

டீச்சர் 'கீது' என்று ஒருநாளும் பேசமாட்டார், அவர் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் லில்லி வாயால்தான் அவருடைய கடைசிப் பேச்சு எனக்கு வந்தது, அப்படியே வைத்திருக்கிறேன்.

பெண்கள் கல்லூரியில் பிராணி சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த சலோமி டீச்சரைத்தான் சொல்கிறேன். நம் தெருச் சங்கத்தின் இந்தத் தாளைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவும், தெரிந்தவர்கள் தெரியாததுபோல் நடிக்கக்கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேசியதைப் போன மாதம் கட்டம் போட்டு அச்சடித்தீர்கள். செத்துப்போனவள் எழுந்து வந்து மறுக்கமாட்டாள் என்ற தைரியம். நான் சாகவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப்பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்ளட்டும். பேச்சைத் திருத்த வேண்டாம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்து ஓடிய ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில்தான் டீச்சர் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தார். ஒற்றைப் பெண்பிள்ளை, இரண்டு பெட்டி, பூதக்கண்ணாடி வைத்த ஒரு பித்தளைக் கருவி. வந்த வாரமே என் கோழிக்கூண்டுப் பக்கம் வந்து நின்றார்.

"பாக்கியம்மா, அடை முட்டை கிடைக்குமா? கோழி என்றைக்கு உட்கார்ந்ததுன்னு தெரிஞ்ச முட்டையா வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. "அடைக்கு வச்ச முட்டைய யாராவது துன்னுவாங்களாம்மா? பாவம் இல்ல?"

"திங்க இல்லை. பார்க்க."

"முட்டைல இன்னா கீது பாக்கறதுக்கு? வெளிய வெள்ள, உள்ள மஞ்சா. நாங்க பாக்காத முட்டையா?"

"மஞ்சளுக்கும் குஞ்சுக்கும் நடுவில் என்ன நடக்குதுன்னு நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அதற்காகவே கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி கூடையில் முட்டையோடு ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் போட்டுக் கொண்டுபோனேன். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், கரியும் இரும்பும் இருந்தால் ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. அந்த ஆணி சாதாரண ஆணி இல்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டியவர். உடைத்த பழைய படகிலிருந்து எடுத்து வந்த ஆணி, என் நடுவிரலைவிட நீளம். டீச்சர் மாடியில் ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். கீழே சிம்னி விளக்கு, உள்ளே வைக்கோல், சூட்டைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய். கோழியில்லாத அடை. முட்டைகளை அடுக்கியவர், ஆணியையும் கரியையும் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பெட்டியின் ஒரு மூலையில் இரண்டையும் வைத்து மூடினார். "எனக்கு நம்பிக்கை கிடையாது பாக்கியம்மா. ஆனா முட்டை உங்களுது. உங்க நம்பிக்கையும் அதோட வந்துட்டுப் போகட்டும்." பிறகு கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெரிய வாத்தியார் அதைப் பார்த்துக் கேலி செய்தபோது, "இடி விழலை பாருங்க" என்றாராம்.

அடுத்த சம்பவம் என் மூத்த மகன் வரதனைப் பற்றியது. அவன் வருத்தப்படுவான். வருத்தப்படட்டும். டீச்சருடைய தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து ஊருக்குப் போனார். போகும்போது மாடிச் சாவியை என்னிடம் கொடுத்து, "காலையும் மாலையும் முட்டைகளை ஒருமுறை புரட்டி வைங்க, அதுபோதும்" என்றார். கோழியும் அதைத்தான் செய்யும். அலகால் தள்ளித் தள்ளிப் புரட்டும். அவர் ரயிலேறிய மறுநாளே எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. வரதன் சாவியைப் பிடுங்கி மாடத்தில் வைத்துவிட்டான். "யம்மா, தீட்டு வூடு. அடை முட்டைய தொட்டா அத்தினியும் பாழு. நீ ஏறாத. நம்ம வூட்டுக்காரங்க யாரும் ஏறக்கூடாது." தீட்டுக் கை பட்டால் முட்டை கெடும் என்பதும் எங்கள் நம்பிக்கைதான். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற மட்டும் பக்கத்து வீட்டுக்காரி போனாள். முட்டையை எவரும் தொடவில்லை.

டீச்சர் திரும்பி வந்து ஒரு முட்டையை உடைத்தார். உள்ளே குஞ்சு உருவாகியிருந்தது. ஆனால் ஓட்டின் உட்புறத் தோலோடு ஒட்டிக்கொண்டு, அங்கேயே செத்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. வரதன் வாசலில் நின்று, "தீட்டு எப்டியோ பட்டுக்கீது" என்றான். டீச்சருக்குத் தாயாரைப் புதைத்துவிட்டு வந்த களைப்பு. ஆனாலும் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தீட்டு படலை வரதா. யாரும் தொடலை, அதுதான். உடம்பு சின்னச் சின்ன மணிகளால ஆனது. கண்ணுக்குத் தெரியாத மணி. அந்த ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் இருக்கிறதைப் பிடிச்சுக்கிற குணம் உண்டு. புரட்டிப் புரட்டி வைச்சா, பிடிக்க வேண்டியதைத் தேடிப் பிடிக்கும். அசையாம வைச்சா, கிடைச்ச ஓட்டைப் பிடிச்சுக்கும். பிடிச்சா விடாது."

அந்தச் செத்த குஞ்சுகளை மண்ணில் புதைத்தது நான்தான்.

அதே வரதனுடைய வலது கை உரிந்த கதையும் உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்தில் ஓடுகிற கயிறு அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வலிக்குப் பயந்து அவன் விரல்களை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். டீச்சர் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டரையே நேரில் போய்க் கேட்டு வந்தார். டாக்டரும் நீட்டத்தான் சொல்லியிருக்கிறார், இவன்தான் கேட்கவில்லை. அன்றுமுதல் கல்லூரி விட்டு வரும் வழியில் எங்கள் வீட்டில் ஏறி, அவன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"விரலைத் திற."

"நோவுது டீச்சர்."

"நோகட்டும். புண்ணு எப்படி மூடுதுன்னு நினைக்கிறே? பானைக்கு மூடி போடற மாதிரி மேலேருந்து விழுகிறதில்லை. ஓரத்தில் இருக்கிற மணிகள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு உள்பக்கமா இழுக்குது, வலை இழுக்கிற மாதிரி. இழுக்கட்டும், ஆனா நீ எதிர்பக்கம் இழுக்கணும். மடக்கின கை மடங்கினபடியேதான் ஆறும்."

அவன் நம்பவில்லை. மறுநாள் டீச்சர் ஓர் அடை முட்டையைக் கொண்டுவந்தார். மேலே ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, கண்ணாடித் துண்டு வைத்து மெழுகால் ஒட்டியிருந்தார். உள்ளே குஞ்சு. குஞ்சு என்று சொல்லவும் முடியாது. கண்ணும் காலும் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று. அது உதைத்தது. வெளிச்சம் பட்டதும் இன்னொரு முறை உதைத்தது. நாங்கள் எல்லோரும், டெலிபோன் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த கஸ்தூரியும்கூட, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"இதுக்கு இன்னும் முட்டியே சரியா உருவாகலை. முட்டி இருக்கிறதால உதைக்கலை, வரதா. உதைச்சு உதைச்சுத்தான் முட்டி முட்டியாகுது. உதைக்காத குஞ்சுக்கு எலும்பும் எலும்பும் ஒண்ணாப் பிடிச்சுப் போயிடும்."

"இன்னா டீச்சர், கோழிக்குஞ்சாண்ட ட்ரில் கத்துக்க சொல்றியா?" என்று வரதன் சிரித்தான். சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான், நீட்டியதும் கத்தினான். தினமும் கத்தினான், டீச்சர் தினமும் வந்தார். இன்றைக்கு அவன் கை விரிகிறது. வண்டிக் கைப்பிடியைப் பிடிக்கிறது, சோற்றைப் பிசைகிறது. அந்தக் கையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நமது சங்கத்துக்கு வருகிறேன். வெங்காய மண்டி அண்ணாச்சிதான் நம் தலைவர். அவரும் டீச்சரும் ஒரே சீமை. அந்தச் சொந்தத்தில் அவர் உயிரோடு இருந்த டீச்சருக்குச் செய்த மரியாதை எனக்குத் தெரியும். "டீச்சரம்மா, ஒங்க முட்ட நாத்தம் கட வரைக்கும் வருது பாத்துக்கிடுங்க. யாவாரம் நடக்க வேண்டாமா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டவர். முதுகுக்குப் பின்னால் முட்டைக்காரி என்றவர். வெங்காய மூட்டை அழுகிக் கிடக்கிற தெருவில் முட்டை நாற்றத்தைத் தனியாக மோப்பம் பிடித்த மூக்கு அது. செத்த மறுநாள் அதே டீச்சர், "எங்கள் சீமை பெற்ற ரத்தினம்" ஆகிவிட்டார்.

சங்க ஆண்டுவிழாவில் டீச்சரைப் பேசக் கூப்பிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கூப்பிட வேண்டும் என்று கூப்பிடவில்லை. வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. டீச்சர் நாலைந்து கண்ணாடிக் கிண்ணங்களோடு வந்தார். காசிமேட்டு ஆட்கள் அலைதடுப்புக் கல்லிலிருந்து சுரண்டிக் கொடுத்த கடற்பஞ்சு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இரண்டும் உயிருள்ள பிராணி என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. சிவப்பை ஒரு மெல்லிய மல் துணியில் கட்டி, கடல்தண்ணீரில் வைத்துப் பிழிந்தார். அந்த மல் துணி என்னுடையது. துணியில் புகுந்து வந்தது வெறும் கலங்கல், செம்மண் தண்ணீர்போல. முன்னாடியே பிழிந்து வைத்திருந்த இன்னொரு கிண்ணத்தை எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். அதில் கலங்கல் தெளிந்து, மணிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்திருந்தன. சிவப்பும் மஞ்சளும் கலந்து பிழிந்த கிண்ணத்தில் சிவப்பு சிவப்போடும் மஞ்சள் மஞ்சளோடும் சேர்ந்திருந்தன. "இது நான் கண்டுபிடிச்சது இல்லை. வெளிநாட்டில் எப்பவோ செஞ்சு பார்த்தது. நம்ம கடல்லயும் நடக்குதான்னு பார்த்தேன்" என்று டீச்சர் முதலிலேயே சொன்னார். 'கண்டுபிடித்தார்' என்று போன மாதத் தாளில் போட்டிருக்கிறீர்களே, அதுவே முதல் பொய்.

அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து எழுந்தார். "அப்படிப் போடுங்க டீச்சர்! இனம் இனத்தோடதான் சேரும்னு ஆண்டவனே வச்சிருக்கான். அதத்தான நம்ம பெரியவங்க சொன்னாங்க?" கைதட்டல். கைதட்டியவர்களில் நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன்.

டீச்சர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னதைத்தான் இந்தத் தாள் விழுங்கிவிட்டது. எனக்கு மனப்பாடம்.

"அண்ணாச்சி, சிவப்பும் மஞ்சளும் ரெண்டு வேற பிராணி. நீங்களும் நானும் இங்க இருக்கிற அத்தனை பேரும் ஒரே பிராணி. அதனால இந்தக் கிண்ணம் நமக்குச் சாட்சி சொல்லாது. சாட்சி வேணும்னா ஒரே உடம்பைப் பாருங்க. ஒரு தவளைப் பிள்ளை முட்டைக்குள்ள உருவாகும்போதே பிரிச்சு, தோலாகப் போற மணி, சதையாகப் போற மணி, குடலாகப் போற மணி எல்லாத்தையும் கலந்துவிட்டுப் பார்த்திருக்காங்க. அதுவும் தனக்குத்தானே ஒழுங்காகுது. தோல் வெளியே போகுது. விலகிப்போக இல்லை, மத்ததைப் போர்த்த. குடல் உள்ளே போகுது. சதை நடுவில் நின்னு ரெண்டு பக்கமும் கை கொடுக்குது. அந்த நடுவில் இருக்கிறது கையை எடுத்துட்டா, தோலும் குடலும் பிரிஞ்சு தனித்தனி உருண்டையாயிடும். தன்னினத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தா, அண்ணாச்சி, உங்க தோல் ஒரு மூலையில, எலும்பு ஒரு மூலையில, குடல் ஒரு மூலையில கிடக்கும். கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஆள் இருக்கமாட்டார்."

கூடமே சிரித்தது. பவுனு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். அண்ணாச்சியும் சிரித்தார், வேறு வழியில்லாமல். இத்தனை பேர் கேட்ட பேச்சு இது. ஒருவருக்குமா நினைவில்லை?

இப்போது இரங்கல் கூட்டம். கல்லறைத் தோட்டத்தில் மண் காய்வதற்குள் கூட்டம் போட்டீர்கள். அண்ணாச்சி மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "அம்மையார் விஞ்ஞான ரீதியாக நிரூபித்துக் காட்டியது ஒன்றே ஒன்று. ஓரினம் தன்னினத்தோடுதான் ஒட்டும். கலந்தால் ஒட்டாது. இதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலி." சொல்லும்போது அவர் கண் யார் மீது இருந்தது என்று நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். என் பேத்தி கஸ்தூரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தெருவே பேசுகிற விஷயத்தை நான் மறைக்கப் போவதில்லை. கஸ்தூரி தன்னோடு டெலிபோன் ஆபீஸில் லைன் வேலை பார்க்கிற கௌதமனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். வியாசர்பாடிப் பிள்ளை. தாத்தா காலத்திலிருந்து பௌத்தக் குடும்பம். நம் தெருவில் அவன் ஏறாத கம்பம் இல்லை. மழையில் அறுந்த கம்பியைச் சரிசெய்ய அவனைத்தான் கூப்பிடுவீர்கள், தண்ணீர் கேட்டால் மட்டும் தனிக் குவளை தேடுவீர்கள். கஸ்தூரி இதை முதலில் சொன்னது டீச்சரிடம். டீச்சர் அவளிடம், "ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன். ஆனா முதல்ல ஆயாகிட்ட போய்ச் சொல்லு. ஒளிஞ்சு செய்யாதே" என்றார். அவள் வந்து சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையை வரச்சொல்லி, எங்கள் வீட்டுச் செம்பிலேயே தண்ணீர் கொடுத்தேன். "குட்ச்சுட்டு ஒக்காரு நைனா" என்றேன். உட்கார்ந்தான். அவள் அப்பன் வரதனையும் டீச்சர் மெல்லப் பேசி இளக்கிக்கொண்டிருந்தார். 'பாக்கலாம்' என்கிற அளவுக்கு அவன் வந்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் டீச்சர் போனார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வரதன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"கேட்டுக்கினியா? உன்னோட டீச்சரே அதான் சொல்லிக்கீது. ஒட்டாதாம்."

"நைனா, டீச்சர் அத சொல்லவேல்ல. நீயும் தான அன்னிக்கு மீட்டிங்ல இருந்த?" என்றாள் கஸ்தூரி.

"அவ்ளோ பெரிய மன்சன் மேடையேறி பொய் சொல்வானா?"

"மேட எதுக்குடா போடறாங்க பின்ன?" என்று நான் கேட்டேன்.

அவன் காதில் ஏறவில்லை. அதற்கு மேல் நடந்ததை விரிக்கவில்லை. குறித்த தேதியில் கஸ்தூரியும் நானும் ரிக்‌ஷாவில் போனோம். ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சி இடத்தில் டீச்சர் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டேன். தனபாக்கியம் என்று ஒவ்வோர் எழுத்தாக, ஐந்தாம் வகுப்பில் கற்றது மறக்கவில்லை. குமாஸ்தா, "ரேகை வைக்கலாமே பெரியம்மா" என்றார். "பேனாவ குடு நைனா" என்றேன்.

வீடு திரும்பியபோது கூடத்துச் சுவரில் கஸ்தூரி படம் இல்லை. வரதன் படத்தை மட்டும் எடுக்கவில்லை. அது மாட்டியிருந்த ஆணியையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தான். சுண்ணாம்பு பெயர்ந்து ஓட்டை தெரிந்தது. எந்தக் கையால் பிடுங்கினான்? டீச்சர் எதிரே உட்கார்ந்து, அவன் கத்தக் கத்த, விரல் விரலாகத் திறந்துவிட்ட கையால். அந்தக் கை அன்றே மடங்கிப் போயிருந்தால் என் சுவரிலிருந்து ஓர் ஆணியைக்கூட அசைத்திருக்க முடியாது. வரதா, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் அம்மா உன்னைச் சபிக்கவில்லை. டீச்சர் உன் கையைத் திறந்தது நீ இதைச் செய்யவா என்று மட்டும் கேட்கிறேன்.

அண்ணாச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடிக்காததை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு வாய் இருக்கிறது, மண்டி இருக்கிறது, மேடையும் இருக்கிறது. மண்ணுக்குள் போனவள் வாயில் அதைத் திணிக்காதீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். செத்த பிறகு அவரை முன்னே நிறுத்தி அவர் பின்னே ஒளிந்துகொள்கிறீர்கள். புரட்டாமல் விட்ட அந்த முட்டைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். உள்ளே எல்லாம் உருவாகியிருந்தது, கண்கூட இருந்தது. ஓட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே செத்தது. இந்தச் சங்கத்தார் அடுத்த தாளில் டீச்சர் சொன்ன மறுபாதியையும் அதே அளவு எழுத்தில், அதே கட்டம் போட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் நான் வீடு வீடாக ஏறிச் சொல்வேன். எனக்குக் கால் நன்றாக இருக்கிறது.

டீச்சருடைய புத்தகங்களைக் கல்லூரிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். பித்தளைக் கருவியை அவருடைய அண்ணன் மகன் எடுத்துப் போனார். தகரப்பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன் லில்லி திறந்து பார்த்து, உள்ளே மூலையில் கிடந்த இரண்டு சாமான்களைத் துணியில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தாள். "இத்த டீச்சரம்மா கடேசி வரிக்கும் எடுக்கவே வுடல ஆயா. 'பாக்கியம்மாவுது, அப்படியே இருக்கட்டும்'பாங்க" என்றாள். கரி தொட்டதும் பொடிந்துவிட்டது. ஆணி அப்படியே இருக்கிறது, கொஞ்சம் துருவோடு. எனக்கு டீச்சரிடமிருந்து மிஞ்சியது அதுதான். அவருக்கு நம்பிக்கை இல்லை, எனக்கு இருந்தது; என்னுடையதைக் கடைசிவரை தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அதைப் போன்ற மரியாதையை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை.

அந்த ஆணியை நேற்றுக் காலையில் வரதன் வேலைக்குப் போன பிறகு, அதே ஓட்டையில் அம்மிக் குழவியால் நானே அடித்து இறக்கினேன். படகு மரத்தைப் பிடித்து நின்ற ஆணி. சுவருக்குள் விரல் நீளம் போயிருக்கிறது. இதை ஒரு கையால் பிடுங்க முடியாது.

கஸ்தூரி, மாப்பிள்ளைக்கு மாற்றலாகி நீங்கள் மதுரைக்குப் போய்விட்டீர்கள். இந்தத் தாளை நானே தபாலில் அனுப்புகிறேன். உன் பழைய படத்தை உன் அப்பன் எங்கே வைத்திருக்கிறான் என்று நான் தேடவில்லை. அது எனக்கு வேண்டாம். அதில் நீ தனியாக நிற்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுப் போட்டோ ஒன்று எடுத்து அனுப்புங்கள். மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொல், ஓரத்தில் நிற்க வேண்டாம். உறையின் மேல் என் பெயரை எழுது. சீக்கிரம் அனுப்பு. ஆணி காத்திருக்கிறது.